பதின்ம வயதுப் பிள்ளைகளோடு கோலாலம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை: எங்கே போகலாம்?

நாற்றுமேடை (சிலிம் ரிவர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிலிம் ரிவருக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். கணவர் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். எனக்கு நாற்றுமேடையில் வேலை. மகளுக்கு 16 வயது, நான்காம் படிவம். மகனுக்கு 13. இருவரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் போய்வர வேண்டும். எங்கே போகலாம் என்று மட்டும் கேட்டால் நீங்கள் இரட்டைக் கோபுரம், பறவைப் பூங்கா என்று வரிசையாகச் சொல்லிவிடுவீர்கள். அதனால் போன முறை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூர் என்றால் பத்துமலைதான். தைப்பூசத்துக்கு எல்லோரும் சேர்ந்து பஸ் எடுத்துப் போவோம். 272 படி ஏறுவோம், கும்பிடுவோம், இறங்கி முறுக்கும் வளையலும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவோம். நகரத்துக்குள் கால் வைப்பதில்லை. மகள் ஐந்தாம் படிவம் முடித்தால் மேற்படிப்புக்கு அங்கேதான் போக வேண்டியிருக்கும். அதற்குள் அந்த ஊரை நால்வரும் சேர்ந்து ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. போன வருடப் பள்ளி விடுமுறையில் என் தம்பி எங்களைக் காரில் ஏற்றிப்போய் நகரத்தில் ஒரு ரயில் நிலைய வாசலில் இறக்கிவிட்டான். மாலையில் வந்து அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

உள்ளே நுழையும்போதே தொடங்கிவிட்டது. என் கணவர், மழையில் ஊறிய செம்மண் பாதையில் பாரம் ஏற்றிய லாரியைச் சக்கரம் வழுக்காமல் மேட்டில் ஏற்றுகிறவர். அந்த ரயில் நிலையத் தடுப்புக் கதவின் முன்னால் நின்று, கையிலிருந்த டச் அண்ட் கோ கட்டண அட்டையை இடது பக்கம் தட்டிவிட்டார். பக்கத்து வழி திறந்தது. அதில் வேறு யாரோ போய்விட்டார். இவர் முன்னால் இருந்த கதவு அசையவில்லை. மறுபடியும் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. ஒரு பெண் சலிப்போடு ‘ச்சு’ கொட்டியது என் காதில் விழுந்தது. மகள் ஏற்கெனவே கதவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்க எங்களுக்குப் பத்தடி முன்னால்தான் நடந்தாள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு இடங்களைப் பார்ப்பதாகத் திட்டம். இரண்டாவது இடத்தில் டிக்கெட் வரிசையிலேயே ஒரு மணி நேரம் கழிந்தது. மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. விடியற்காலை எழுந்து புளிச்சாதமும் நெத்திலிச் சம்பலும் கட்டி அடுக்குப்பாத்திரத்தில் எடுத்துப் போயிருந்தேன். பேரங்காடி வாசலில் உட்கார இடம் பார்த்தபோது மகள், “அம்மா, இங்கே திறக்காதீர்கள்” என்றாள். திறக்கவில்லை. இரவு பத்து மணிக்கு எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டோம். கைகழுவி எழுந்தபோது கணவர், “அடுத்த முறை நீங்கள் மூவரும் போய் வாருங்கள், எனக்கு லாரி வேலை இருக்கும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை கிடையாது.

என் பிள்ளை கெட்டவள் இல்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்றால் நான்கு மணிக்கு எழுந்து உலை வைக்கிறவள். எங்களோடு வெளியே வர அவளுக்கு வெட்கமாக இருக்கிறதோ என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது. 200 வெள்ளிக்குள் (ரிங்கிட்) நால்வரும் சுற்றிவர வேண்டும். அவள் அப்பாவோடு சேர்ந்து நடக்கிற மாதிரி ஓர் இடம் இருந்தால் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி எழுதியது:

அக்கா, நான் பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கோலாலம்பூர் செந்தூலுக்கு வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. முதல் மாதம் அந்தக் கதவு என்னையும் இரண்டு முறை நிறுத்தியது. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்த முறை தம்பி கார் வேண்டாம். உங்கள் வண்டியிலேயே தஞ்சோங் மாலிம்வரை வந்து, அங்கே நிறுத்திவிட்டு கொமூட்டர் ரயில் ஏறுங்கள். கிள்ளான் துறைமுகம் போகும் அந்த வழி தஞ்சோங் மாலிமில்தான் தொடங்குகிறது. அதனால் நால்வருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு. அந்த நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நெரிசல் இருக்காது. அண்ணன் நிதானமாகத் தட்டிப் பழகலாம். எந்த வழியில் நிற்கிறோமோ அதற்கு வலது கைப் பக்கம் இருக்கும் பெட்டியில்தான் தட்ட வேண்டும். ஓர் அட்டையை இருவர் பயன்படுத்த முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். முந்தைய நாளே நான்கிலும் பணம் போட்டு வையுங்கள். ரயில் அடிக்கடி கிடையாது. போகும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு, திரும்பும் நேரத்தைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

நான்கு இடம் அதிகம், இரண்டே போதும். கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் கூரை போட்ட நடைபாதை வழியாக முசியம் நெகாரா எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்துக்குப் போகலாம். மேலே ஏறினால் தேசிய அருங்காட்சியகம். அங்கிருந்து எம்ஆர்டியில் ஒரே நிறுத்தம், பசார் செனி. சென்ட்ரல் மார்க்கெட், பெட்டாலிங் தெரு, மாரியம்மன் கோவில் எல்லாம் அங்கிருந்து நடக்கிற தூரம். ஜாலான் சுல்தானில் பழைய ரெக்ஸ் திரையரங்கு இப்போது புத்தகக்கடையும் சாப்பாட்டுக் கடைகளுமாக மாறியிருக்கிறது. என் அக்காள் மகளுக்கு வயது 15. அந்தப் புத்தகக்கடைக்குள் விட்டால் இரண்டு மணி நேரம் சத்தமே வராது. கால் வலித்தால் நகரத்துக்குள் கோ கேஎல் பஸ் ஓடுகிறது, மலேசியர்களுக்கு இலவசம்.

முக்கியமானது இதுதான். வழியைக் கண்டுபிடிக்கும் வேலையை உங்கள் மகளிடம் கொடுங்கள். எந்த நிலையத்தில் மாறுவது, எந்தப் பக்க நடைமேடை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எல்லாவற்றையும் அவளே பார்க்கட்டும். தப்பாக ஏறிவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பலாம், குடி முழுகிவிடாது. பிறகு ஒரு மணி நேரமாவது பிள்ளைகள் இருவரையும் தனியாக விடுங்கள். எங்கே சந்திப்பது என்று கைப்பேசியை நம்பாமல் இடம் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துபோனாலும் அந்த இடம் அங்கேயே இருக்கும்.

பேராங் தாய் எழுதியது:

தனியாக விடச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பழக்கமில்லாத ஊர், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கூடவே 13 வயதுப் பையன். எனக்கு இரண்டு பையன்கள். இன்னும் அப்படி விட்டதில்லை. அவர்கள் முன்னால் நடக்கட்டும், நாம் பின்னால் கண் எட்டும் தூரத்தில் வருவோம். அதில் என்ன குறைந்துவிடுகிறது?

மழையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் திறந்த வெளியில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வெளியே பார்க்க வேண்டியதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். நால்வருக்கும் ஆளுக்கொரு சிறிய துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் குளிரூட்டி வேகமாக இருக்கும். நனைந்த தலையோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்து என் சின்னவன் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

அம்மா, நான் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். எத்தனையோ முறை பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கோலாலம்பூர் கொண்டுபோயிருக்கிறேன். அவர்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்த ஒன்றின் மறுபாதியைக் காட்டினால்தான் கண் விரியும். இதை அனுபவத்தில் கண்டேன்.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் வெள்ளித் தேர் வந்து சேர்வதை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அது எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலிலிருந்துதான். 1873இல் தம்புசாமிப் பிள்ளை தோற்றுவித்த கோவில் அது. பத்துமலைக் குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கியவரும் அவரே. தேருக்கு அங்கே முதல் அடி, பத்துமலையில் கடைசி அடி.

கோவிலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் மஸ்ஜித் ஜாமெக். 1909இல் திறக்கப்பட்ட அந்தப் பள்ளிவாசலின் பின்னால் கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடுகின்றன. கோலாலம்பூர் என்றால் சேறு நிறைந்த கழிமுகம் என்று பாடத்தில் படித்திருப்பார்கள். அந்தச் சேறு இருந்த இடத்தையே கண்ணால் பார்க்கட்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.

அருங்காட்சியகம் போனால் காலனித்துவக் காலக் கூடத்தில் உங்கள் கணவரை நிறுத்தி வையுங்கள். ஈயமும் ரப்பரும் இந்த நாட்டை மாற்றிய கதை அங்கே வருகிறது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது நம் பேராக்கிலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததற்கு அந்தக் கன்றுகளும் ஒரு காரணம். உங்கள் பிள்ளைகள் செம்பனை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள். பால்மரம் வெட்டுவதை, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை, பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. உங்கள் கணவரின் தாயார் பால்மரம் வெட்டியவர் என்றால், அதை உங்கள் கணவர் சொல்லட்டும், பிள்ளைகள் கேட்கட்டும்.

இரண்டாம் ஆண்டு மாணவி எழுதியது:

ஆன்ட்டி, எனக்கு 20 வயது. தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டம். இப்போது ஷா ஆலமில் படிக்கிறேன்.

நானும் என் அப்பாவுக்கு முன்னால் நடந்தவள்தான். ஒரு கடையில் அவர் மலாயில் கேட்டதற்குக் கடைக்காரப் பையன் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அப்பா அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டு பல மாதங்கள் என்னோடு கடைத்தெருவுக்கு வரவில்லை. எனக்கு அந்தப் பையன்மேல்தான் ஆத்திரம். இன்னொரு நிமிடம் நின்றிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அதை அப்பாவிடம் சொல்ல எனக்கு 18 வயதாக வேண்டியிருந்தது.

உங்கள் மகளிடம் கேளுங்கள். நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். சாப்பாட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். எங்கே திறப்பது என்பதை மட்டும் அவளிடம் விட்டுவிடுங்கள்.

நாற்றுமேடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. போன ஞாயிறு போய் வந்தோம். நாற்றுமேடையில் இரண்டு நாளாகக் கன்று மாற்றும் வேலை. அதனால்தான் எழுதத் தாமதம்.

என் கணவர் வரமாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை இரவு மகள் நான்கு அட்டைகளையும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, ஒவ்வொன்றிலும் இருக்கும் பணத்தை ஒரு தாளில் எழுதி, அவர் முன்னால் வைத்தாள். “ஆறரைக்குக் கிளம்பினால் போதும் அப்பா” என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

செந்தூல் தங்கச்சி சொன்னபடியே தஞ்சோங் மாலிமில் எங்களைத் தவிர ஐந்தாறு பேர்தான். மகள் முதலில் தட்டிக் காட்டினாள். இவர் வலது பக்கம் தட்டினார், திறந்தது. அவ்வளவுதான், ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடிக்காக ஒரு வருடம் இந்த மனிதர் வீட்டிலேயே இருந்துவிட்டாரே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

பத்தாங் காலி தாண்டியதும் மகன் தூங்கிவிட்டான். மாணவி சொன்ன மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “எனக்கும் எந்தப் பக்கம் என்று தெரியாது அம்மா. எனக்கு முன்னால் போன ஆளைப் பார்த்துத்தான் தட்டினேன். அப்பா மாட்டிக்கொண்டபோது என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் நின்று அவர் தவிப்பதைப் பார்க்க முடியவில்லை. அடுத்த கதவு வந்தால் நான் மாட்டிக்கொள்வேனோ என்று அன்று முழுக்கப் பயம். அதனால்தான் முன்னாலேயே போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.” பத்தடி முன்னால் நடந்தவள் எங்களுக்காக வழி பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். நான் ஒரு வருடமாக வேறு என்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் ஐயா, அருங்காட்சியகத்தில் நீங்கள் நினைத்தது நடக்கவில்லை. என் கணவர் ரப்பர் பகுதியில் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. “என் அம்மா விரலில் கத்தி பட்டதையெல்லாம் இதில் வைத்திருக்கிறார்களா?” என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். வெளியே பழைய ரயில் இயந்திரம் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில்தான் அவரைக் கண்டுபிடித்தோம். சக்கரத்தையும் தண்டையும் மகனுக்குக் காட்டி, எது எதைத் தள்ளுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அங்கேயே ஒரு நிழல் பார்த்து மகள், “இங்கே சாப்பிடலாம்” என்றாள். அடுக்குப்பாத்திரத்தை அவளே திறந்தாள். நெத்திலிச் சம்பல் இன்னும் கொஞ்சம் கட்டியிருக்கலாம், போதவில்லை.

ஆனால் கோவிலைப் பற்றி நீங்கள் சொன்னது பலித்தது, அதுவும் நான் எதிர்பாராத விதமாக. கோபுரத்தைப் பார்த்ததும் இவர் தெருவிலேயே நின்றுவிட்டார். “இங்கேதான், இந்த இடத்தில்தான் செருப்பைக் கழற்றி என் நண்பனிடம் கொடுத்தேன்” என்றார். திருமணத்துக்கு முன்னால் ஒரு தைப்பூசத்துக்குத் தேரோடு பத்துமலைவரை நடந்திருக்கிறார். 19 ஆண்டுகளாக இவரோடு வாழ்கிறேன், இதை என்னிடம் சொன்னதே இல்லை. மகள் உடனே கைப்பேசியில் தூரத்தைப் பார்த்தாள். சுமார் 15 கிலோமீட்டர். “அப்பா, வெறுங்காலோடா?” என்றாள். தார் ரோட்டில் எங்கே சூடு தெரியவில்லை, எங்கே சிறு கற்கள் குத்தின, விடியும்போது எந்த இடத்தில் யாரோ ஒரு பாட்டி மோர் கொடுத்தார் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே நடக்க, மகள் பக்கத்திலேயே நடந்தாள். வரைபடம் பார்க்காமல், “தேர் இந்தப் பக்கம்தான் திரும்பும்” என்று கை காட்டினார். அவள் கைப்பேசியில் ஒப்பிட்டுப் பார்த்து, “சரிதான்” என்றாள். நான் மகனைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். அன்று அந்த இருவருக்கும் இடையில் நான் போகவில்லை.

பேராங் அக்கா, உங்கள் பேச்சையும் தட்டவில்லை. பழைய ரெக்ஸ் கட்டடத்துக்குள் மட்டும் இருவரையும் ஒரு மணி நேரம் விட்டோம். நாங்கள் எதிர்ப்பக்கத்தில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். 40 நிமிடத்தில் வந்துவிட்டார்கள். மகனுக்கு விண்வெளி பற்றிய ஒரு புத்தகம், 19 வெள்ளி. மகள் தனக்கு ஒன்றும் வாங்கவில்லை; ஆனால் அடுத்த முறை வாங்குவதற்கு நான்கு புத்தகங்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். ஆறுகள் கூடும் இடத்துக்குப் போவதற்குள் மழை வந்துவிட்டது. துண்டு இருந்தது, தலை துவட்டினோம். எல்லாம் சேர்த்து 140 வெள்ளிதான் செலவு.

இப்போது வேறொரு கேள்வி. வருகிற தைப்பூசத்துக்குத் தேரோடு நடக்கப் போவதாக அப்பாவும் மகளும் முடிவு செய்துவிட்டார்கள். மகனும் நானும் பத்துமலையில் காத்திருப்போம். செந்தூல் தங்கச்சி, தேர் உங்கள் பக்கமாகத்தான் வரும் என்று இவர் சொல்கிறார். நடக்கிறவர்களுக்கு உங்கள் ஊரில் எந்த இடத்தில் தண்ணீர் கொடுப்பார்கள்? மகளுக்குக் கால் வலித்தால் உட்காருவதற்கு வழியில் நல்ல இடம் இருக்கிறதா?